திசை தெரிந்த செல்கள்: ஈரத்துணியிலிருந்து பயோபிரிண்டர் வரை

துவைத்த வேட்டியிலிருந்து தண்ணீரை எடுக்க யாரும் அதை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்குவதில்லை. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு எதிரெதிராக முறுக்குகிறார்கள். அமுக்கினால் கொஞ்சம்தான் வடியும். முறுக்கினால்தான் துணி முழுவதும் பிழிபடும்.

இதயமும் இப்படித்தான் ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று எழுதியவர் ரிச்சர்ட் லோயர் என்ற ஆங்கிலேய மருத்துவர். எழுதிய ஆண்டு 1669! இதயத்தைப் பற்றி லத்தீனில் அவர் வெளியிட்ட நூலில், இதயச் சுவரின் தசை நார்கள் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு போவதைக் குறிப்பிட்டார். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல இதயம் சுருங்குகிறது என்ற உவமையும் அவருடையதுதான்.

இன்று உயிருள்ள செல்களையே மையாக ஊற்றி, கம்ப்யூட்டர் சொல்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாகவோ இழை இழையாகவோ வைத்து, திசுக்களை அச்சடிக்கிறார்கள். இதற்குப் பெயர் பயோபிரிண்டிங். "இதயத்தையே பிரிண்ட் செய்துவிட்டார்கள்" என்று அவ்வப்போது செய்திகளும் வருகின்றன. ஆனால் அப்படி அச்சடித்த முழு இதயம் எதுவும் இதுவரை ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் துடிக்கவில்லை. இதற்குக் காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒரு காரணம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்: திசை. செல் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, சரியான இடத்தில் இருந்தாலும் போதாது. அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்பதும் முக்கியம்.

வேடிக்கை என்னவென்றால், இதயத்தைப் பொறுத்தவரை இந்த உண்மைதான் முதலில் தெரிந்தது. கைக்கு வந்தது மட்டும் கடைசியில்!

சுவருக்குள் ஒரு சுருள்

லோயருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1660களில், டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் (லத்தீனில் ஸ்டெனோ) இதயம் என்பது ஒரு தசைதான் என்று சொல்லியிருந்தார். அதுவரை இதயத்தை உடலின் வெப்பத்துக்கு ஊற்று என்றும், உயிர் குடியிருக்கும் இடம் என்றும் நினைத்தவர்களே அதிகம். "கை கால்களில் இருக்கும் தசை மாதிரிதான் இதுவும்" என்பது அன்றைக்குத் துணிச்சலான பேச்சு.

தசை என்றால் அதற்கு நார் உண்டு, நார் என்றால் அதற்குத் திசை உண்டு. இதயத்தில் அந்தத் திசை எப்படிப் போகிறது என்று அதன்பின் பலர் அறுத்துப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பெல் பெட்டிக்ரூ, இதய அறைகளின் நார்களை அடுக்கு அடுக்காகப் பிரித்து வரைந்து 1864-ல் விரிவான கட்டுரை வெளியிட்டார்.

இதை எண்களாக மாற்றியது 1969-ல் வெளியான ஓர் ஆய்வு. டேனியல் ஸ்ட்ரீட்டரும் உடன் ஆய்வு செய்தவர்களும் நாயின் இடது கீழறைச் சுவரை உள்ளிருந்து வெளியே வரை அளந்தார்கள். உள்பக்கத்தில் நார்கள் ஏறத்தாழ 60 டிகிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. சுவரின் நடுவில் கிடைமட்டமாக, வளையம் போலச் சுற்றின. வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ 60 டிகிரி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திடீர் என்று தாவாமல், சீட்டுக்கட்டை விசிறி போல விரித்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. மனித இதயமும் இதே அமைப்புதான்.

இதனால் என்ன லாபம்? ஒரு தனி இதயத் தசை செல் சுருங்கும்போது அதன் நீளத்தில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் ஆரோக்கியமான இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதத்தை, வெளியே தள்ளுகிறது. 15 எப்படி 60 ஆகிறது?

அதே 1969-ல் எட்வர்ட் சாலின் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குக் கணக்குப் போட்டார். நார்கள் பீப்பாய்க்கு இரும்பு வளையம் போட்ட மாதிரி வெறும் வளையமாகச் சுற்றியிருந்தால் இவ்வளவு ரத்தம் வெளியேறாது. சுருளாக இருப்பதுதான் காரணம் என்பது அவர் முடிவு. லோயரின் துணி உவமை சமன்பாடாக வந்து நின்றது. ஆனால் கணக்கு கணக்குதான். நிரூபிக்க வேண்டுமானால் சுருள் நார் கொண்ட ஓர் இதயம், வளைய நார் கொண்ட ஓர் இதயம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வளைய நார் மட்டும் கொண்ட இதயத்துக்கு எங்கே போவது?

திசை தவறினால்

1958-ல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதயத் தசை ஒரு பக்கமாகத் தடித்துப்போன எட்டுப் பேரைப் பற்றியது அது. பெரும்பாலோர் இளம் வயதினர், திடீரென்று இறந்துபோனவர்கள். அந்த இதயங்களின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது தசை நார்கள் ஒழுங்காக ஓடவில்லை. ஒன்றோடு ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தன.

இன்று ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று அழைக்கப்படும் நோய் இதுதான். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆனால் விளையாட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர் சுருண்டு விழுந்து இறந்தார் என்ற செய்திகளில் சிலவற்றுக்குப் பின்னால் இந்த நோய் இருக்கிறது.

இதயத்தில் மின்சார சிக்னல், நார்கள் ஓடும் திசையில் வேகமாகவும் குறுக்கே மெதுவாகவும் பாய்கிறது. நார்களே தாறுமாறாக இருந்தால் சிக்னலும் வழி தவறுகிறது. ஒழுங்கான துடிப்புக்குப் பதில் தசை வெறுமனே நடுங்க ஆரம்பித்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

மாரடைப்பு வந்தவர்களின் பிரச்சினை வேறு. ஒரு பெரிய மாரடைப்பில் 100 கோடி வரை தசை செல்கள் இறந்துபோகலாம். அவை மறுபடி முளைப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். 2009-ல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு இதை அழகாக அளந்தது. பனிப்போர் காலத்து அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14, மனித இதய செல்களின் டிஎன்ஏவில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அதுவும் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. எனவே இறந்த இடத்தில் தசை வராது, தழும்புதான் வரும். தழும்பு சுருங்காது.

அந்த இடத்தில் ஒட்டுப் போட, வெளியே வளர்த்த ஒரு தசைத் துண்டு வேண்டும். அந்த ஒட்டுத் துணியின் இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கு டியரின் எட்டு இதயங்களே எச்சரிக்கை.

சிலந்தி நூலில் நடந்த செல்கள்

உடம்புக்கு வெளியே செல்லை வளர்க்கும் கதை 1907-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் என்ற உயிரியலாளர், தவளைக் கருவின் நரம்புத் திசுவில் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, தவளையின் நிணநீர்ச் சொட்டில் வைத்து, அந்தச் சொட்டைக் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். நரம்பு இழை அந்தச் சொட்டுக்குள் கண்ணுக்கு எதிரே நீண்டு வளர்ந்தது. நரம்பு இழை என்பது நரம்பு செல்லிலிருந்தே வளர்கிறதா இல்லையா என்று நடந்துகொண்டிருந்த பெரிய சண்டைக்கு அது முடிவு கட்டியது. திசு வளர்ப்பு என்ற துறையும் அந்தச் சொட்டில்தான் பிறந்தது.

ஹாரிசன் அதோடு நிற்கவில்லை. நிணநீர் உறைந்தால் அதில் மெல்லிய இழைகள் உண்டாகும். செல்கள் அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றனவோ என்று அவருக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட பொருள் சிலந்தி வலை! உறையாத திரவத்தில் சிலந்தி நூல்களைக் கட்டி, அதில் தவளைக் கரு செல்களை விட்டார். செல்கள் நூலைப் பிடித்துக்கொண்டன, நூல் போகும் திசையிலேயே நீண்டன, நகர்ந்தன. 1911-லும் 1914-லும் இதை வெளியிட்டார்.

நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தச் சோதனையில் பின்னால் வரப்போகும் எல்லாமே விதையாக இருக்கிறது. செல்லுக்கு யாரும் "இந்தப் பக்கம் திரும்பு" என்று சொல்ல முடியாது. ஆனால் கால் வைக்க ஒரு பாதை போட்டுக் கொடுத்தால், அதுவே திரும்பிக்கொள்ளும்.

வியன்னாவில் பிறந்து அமெரிக்கா சென்ற பால் வைஸ் 1930களிலும் 40களிலும் இதை மேலும் ஆராய்ந்தார். உறைந்த பிளாஸ்மாவை ஒரு பக்கமாக இழுத்தால் அதிலுள்ள இழைகள் அந்தப் பக்கமாக வரிசையாகின்றன, செல்களும் பின்னாலேயே வரிசையாகின்றன என்று காட்டினார். தொட்டுத் தடவி வழி கண்டுபிடிக்கும் இந்தக் குணத்துக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் "தொடுகை வழிகாட்டல்" எனலாம்.

இது ஏன் நடக்கிறது என்பது பிற்பாடு புரிந்தது. செல்லின் மேற்பரப்பில் கால்கள் போன்ற புரதங்கள் உண்டு. அவை வெளியே இருக்கும் இழைகளைப் பற்றிக்கொள்கின்றன. உள்ளே ஆக்டின் என்ற புரதக் கயிறுகள் அந்தக் கால்களை இழுத்துப் பிடிக்கின்றன. பிடிமானம் எந்தத் திசையில் நீளமாகக் கிடைக்கிறதோ அந்தத் திசையில் கயிறுகள் முறுக்கேறுகின்றன. செல்லும் அப்படியே நீள்கிறது.

மைக்குப் பதில் செல்

1988-ல் டெக்ஸாஸில் ராபர்ட் கிளெபி என்ற ஆய்வாளர் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றை எடுத்து, மைக்குப் பதிலாக ஃபைப்ரோநெக்டின் என்ற புரதக் கரைசலை ஊற்றினார். செல்கள் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் பசை போன்ற புரதம் அது. பிரிண்டர் எங்கே அதை அச்சடித்ததோ அங்கே மட்டும் செல்கள் போய் ஒட்டிக்கொண்டன. செல்லை நேரடியாக அச்சடிக்காமல், அதற்கு உட்கார இடம் போட்டுக் கொடுத்தார். ஹாரிசனின் சிலந்தி நூலை கம்ப்யூட்டர் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்குள் "திசுப் பொறியியல்" என்ற துறை உருவாகிவிட்டது. ராபர்ட் லாங்கர், ஜோசப் வகாந்தி இருவரும் 1993-ல் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு மைல்கல். கரையக்கூடிய பொருளில் உறுப்பின் வடிவத்தில் ஒரு சாரம் செய்து, அதில் செல்களை விதைத்து வளர்ப்பது அவர்கள் வழி. முதுகில் மனிதக் காது வடிவம் முளைத்த எலியின் படம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது பற்றிய ஆய்வு 1997-ல் வெளியானது. காதுக்குள் இருந்தது மாட்டின் குருத்தெலும்பு செல்கள்.

2000களின் தொடக்கத்தில் அடுத்த தாவல். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலந்து, பழைய இங்க்ஜெட் பிரிண்டரின் மைக்கூட்டைக் கழுவி, அதில் உயிருள்ள செல்களையே ஊற்றினார். இந்த வகை பிரிண்டர் மையைச் சூடாக்கித்தான் துளியைத் துப்பும். செல்கள் வெந்துவிடாதா? சூடு சில மைக்ரோ வினாடிகள்தான். 2005-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட செல்கள் பிழைத்திருந்தன! ஜப்பானில் குழந்தைகள் மருத்துவராக இருந்த மகோட்டோ நகமுராவும் அதே சமயத்தில் இதே வழிக்கு வந்தார். பிரிண்டரின் மைத்துளியும் மனித செல்லும் ஏறத்தாழ ஒரே அளவு என்பது அவரை ஈர்த்த விஷயம்.

ஆக, உயிர் என்ற கேள்விக்கும் இடம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. திசைக்கு? சொட்டுக்குத் திசை கிடையாது. ஜெல்லுக்குள் விழுந்த செல் உருண்டையாகக் கிடக்கும். பிறகு தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு பக்கம் நீளும்.

சில உறுப்புகளுக்கு இது பெரிய குறை இல்லை. அந்தோணி அட்டாலாவின் குழு, நோயாளிகளின் சொந்த செல்களை வைத்து வளர்த்த சிறுநீர்ப்பையை ஏழு பேருக்குப் பொருத்தி 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. (அது அச்சடித்ததல்ல, சாரத்தில் கையால் விதைத்தது.) 2022-ல் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு செல்களால் அச்சடித்த வெளிக்காது ஒன்று ஓர் இளம்பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. காதுக்கு உருவம்தான் முக்கியம். காது இழுக்க வேண்டியதில்லை, துடிக்க வேண்டியதில்லை.

தசைநாண் அப்படியல்ல. அதன் இழைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் அறுந்துவிடும். கண்ணின் கருவிழிப் படலத்தில் கொலாஜன் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. இதயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இழுத்துக் கட்டு, கோடு போடு

இதயத் தசைக்குத் திசை கொடுக்க இரண்டு வழிகள் தனித்தனியாக வளர்ந்தன.

முதல் வழி இழுத்துக் கட்டுவது. ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் எஷன்ஹாகனும் அவருடன் இருந்தவர்களும் 1997-ல் கோழிக் கருவின் இதய செல்களைக் கொலாஜன் ஜெல்லில் கலந்து, வெல்க்ரோ ஒட்டிய இரண்டு கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே ஊற்றினார்கள். செல்கள் ஜெல்லைச் சுருக்கப் பார்த்தன. இரண்டு முனையும் கட்டப்பட்டிருந்ததால் ஜெல் கொடிக்கயிறு மாதிரி விறைப்பானது. விறைப்பின் திசையில் செல்கள் வரிசையாகி, ஒன்றுசேர்ந்து துடிக்க ஆரம்பித்தன. பால் வைஸ் இழுத்த பிளாஸ்மாவின் வாரிசு இது.

இரண்டாவது வழி கோடு போடுவது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கெவின் கிட் பார்க்கரின் ஆய்வகம், மெல்லிய ரப்பர் படலத்தின்மேல் ஃபைப்ரோநெக்டின் கோடுகளை அச்சாகக் குத்தி, எலிக்குட்டியின் இதய செல்களை விட்டது. செல்கள் கோட்டில் வரிசையாகின. படலத்தை வெட்டி எடுத்தால் அது தானே சுருண்டது, பிடித்தது, நீந்தியது. 2007-ல் வெளியான இந்த ஆய்வின் முதல் ஆசிரியர் ஆடம் ஃபைன்பெர்க். அவர் பெயர் மறுபடியும் வரும். கோட்டின் திசையை மாற்றினால் அசைவே மாறியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இதே உத்தியில் 2012-ல் ஒரு செயற்கை ஜெல்லிமீனும், 2016-ல் சுமார் 2 லட்சம் எலி இதய செல்கள் கொண்ட, வெளிச்சத்தைப் பின்தொடரும் ஒரு குட்டித் திருக்கை மீனும் நீந்தின.

கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் மீன் செய்வது அவர்கள் நோக்கமல்ல. ஒரு பம்பு எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்வதுதான் நோக்கம்.

இதற்கிடையே மூலப்பொருள் பிரச்சினையும் தீர்ந்தது. ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் சாதாரண செல்லையும், 2007-ல் மனிதத் தோல் செல்லையும் ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். இனி ஒருவரின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ அவருடைய இதய செல்களையே கோடிக்கணக்கில் வளர்க்கலாம்.

முறுக்கு அச்சு

ஆனால் படலம் என்பது ஒரே ஓர் அடுக்கு. இதயச் சுவரோ சென்டிமீட்டர் கணக்கில் தடிமன். அதற்கு மறுபடி பிரிண்டரிடம்தான் வர வேண்டும். இந்த முறை சொட்டு பிரிண்டர் அல்ல, பிழியும் பிரிண்டர். நம் வீட்டு முறுக்கு அச்சு மாதிரிதான். மாவுக்குப் பதில் செல் கலந்த ஜெல், கைக்குப் பதில் காற்றழுத்தம், அச்சை நகர்த்துவது கம்ப்யூட்டர்.

இழைக்குத் திசை உண்டு. பாதி வேலை முடிந்தது! 2016-ல் அட்டாலாவின் குழு, காது, எலும்பு, தசை மூன்றையும் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி வெளியிட்டது. தசை செல் இழைகளை உறுதியான பிளாஸ்டிக் தூண்களுக்கு நடுவே பிழிந்தார்கள். செல்கள் இழையின் நீளத்தில் வரிசையாகின. எஷன்ஹாகனின் இழுத்துக் கட்டும் உத்தி பிரிண்டருக்குள் வந்துவிட்டது.

மெல்லிய ஜெல்லைப் பிழிந்தால் சரிந்துவிடுமே என்ற சிக்கலுக்கு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த ஃபைன்பெர்க் வழி சொன்னார். வெறுங்காற்றில் பிழியாதே, இன்னொரு ஜெலட்டின் குழம்புக்குள்ளேயே பிழி. வேலை முடிந்ததும் 37 டிகிரிக்குச் சூடாக்கினால் ஜெலட்டின் உருகி ஓடிவிடும், அச்சடித்தது நிற்கும். 2015-ல் இதை அறிமுகப்படுத்தி, 2019-ல் கொலாஜனால் இதய பாகங்களை அச்சடித்துக் காட்டினார்கள். செல்களோடு அச்சடித்த குட்டி இதய அறை ஒன்று துடிக்கவும் செய்தது.

அதே 2019-ல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் தால் ட்விரின் குழு, நோயாளியின் கொழுப்புத் திசுவிலிருந்து தயாரித்த மையால் முயல் இதய அளவில் ஒரு முழு இதய வடிவத்தை அச்சடித்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. உருவம் இருந்தது, அறைகள் இருந்தன, செல்களும் சுருங்கின. ஆனால் எல்லாம் ஒன்றுசேர்ந்து ரத்தத்தைத் தள்ளும் பம்பாக அது வேலை செய்யவில்லை. செல்கள் ஒருங்கிணைந்து இயங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குழுவினரே சொன்னார்கள்.

2022-ல் ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸின் ஆய்வகத்திலிருந்து வந்த ஆய்வு இந்த இடத்தைத்தான் குறி வைத்தது. தனித்தனி செல்லை மையாக ஊற்றி, பிறகு திரும்பச் சொல்லிக் கெஞ்சுவானேன்? முதலிலேயே திரும்பிய செல்களை ஊற்றினால் என்ன? ஒரு தட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய குழிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குட்டித் தூண்கள். குழிக்குள் மனித ஸ்டெம் செல்லிலிருந்து பெற்ற இதய செல்களை விட்டார்கள். செல்கள் தூண்களுக்கு நடுவே இழுபட்டு, நீளமான சின்னத் தசைத் துணுக்குகளாயின. உள்ளே எல்லா செல்களும் ஒரே திசை. இந்தத் துணுக்குகளைக் கழற்றிச் சேர்த்து, கெட்டியான மையாக்கிப் பிழிந்தார்கள்.

மிச்சத்தை ஓட்டம் பார்த்துக்கொண்டது. ஆற்றில் வரும் மரக்கட்டைகள் குறுகலான இடத்தில் நீரோட்டத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்வது போல, ஊசிமுனை நெருங்க நெருங்க துணுக்குகள் ஊசியின் திசைக்குத் திரும்பின. ஊசி எந்தப் பாதையில் நகர்ந்ததோ அதே பாதையில் செல்களின் திசையும் அமைந்தது. 1911-ல் ஹாரிசன் சிலந்தியிடம் கடன் வாங்கிய பாதையை, இப்போது ஊசிமுனையால் விருப்பப்படி வரைய முடிந்தது.

1969-ன் கேள்விக்கு 2022-ல் பதில்

சாலின் போட்ட கணக்கு 50 ஆண்டுகளுக்கு மேல் நிரூபணத்துக்குக் காத்திருந்தது. அதைச் சோதிக்க வளைய நார் மட்டும் கொண்ட இதயம் இயற்கையில் இல்லை. ஆகவே செய்துதான் ஆக வேண்டும்.

பார்க்கரின் ஆய்வகம் 2022-ல் அதைச் செய்தது. இது ஊசியால் பிழியும் பிரிண்டர் அல்ல. பஞ்சு மிட்டாய் இயந்திரம் மாதிரி சுழன்று மெல்லிய இழைகளை வீசும் கருவி. அந்த இழைகளைக் காற்றால் ஒருமுகப்படுத்தி, சுழலும் இதய வடிவ அச்சின்மேல் சுற்றினார்கள். அச்சைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்து இழையின் கோணமும் மாறும். ஒரு குட்டி இதய அறையைச் சுருள் இழைகளோடும், இன்னொன்றை வளைய இழைகளோடும் செய்து, இரண்டிலும் இதய செல்களை விதைத்தார்கள். வேறு எல்லாம் ஒன்று. திசை மட்டும் வேறு.

சுருள் இழை கொண்ட அறையே ஜெயித்தது. அதன் சுருக்கம் சீராக இருந்தது, அது அதிக அளவு திரவத்தை வெளியேற்றியது. சாலின் போட்ட கணக்கு சரி, லோயர் சொன்ன துணி உவமையும் சரி. 353 ஆண்டுக்குப் பிறகு ஓர் உவமைக்குக் கிடைத்த சோதனைச் சான்று!

அடுத்த ஆண்டே, 2023-ல், அதே ஆய்வகம் ஜெலட்டின் நுண்ணிழைகளைக் கலந்த ஒரு மையை வெளியிட்டது. பிழியும்போது இழைகள் ஓட்டத்தின் திசையில் படிந்துவிடும். அதன்மேல் இதய செல்கள் வரிசையாகிவிடும். பஞ்சு மிட்டாய் வழியும் முறுக்கு அச்சு வழியும் அதில் சேர்ந்துவிட்டன எனலாம்.

இன்னும் என்ன பாக்கி?

நிறைய இருக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கு தூரம் தள்ளிப் போனாலே செல்லுக்கு ஆக்ஸிஜன் போதாது. எனவே தடித்த சுவருக்குள் குழாய்களும் அச்சாக வேண்டும். ஸ்டெம் செல்லிலிருந்து வரும் இதய செல்கள் குழந்தை செல்கள். பெரியவர்களின் இதய செல் அளவுக்கு அவற்றுக்கு வலு இல்லை. பொருத்திய தசை தன் சொந்தத் தாளத்தில் துடித்தால், ஏற்கனவே நோயுற்ற இதயத்தில் அதுவே ஆபத்து. எண்ணிக்கையும் மலைப்பானது. ஒரு மனித இடது கீழறையில் மட்டும் சில நூறு கோடி தசை செல்கள் இருக்கின்றன.

2023 செப்டம்பரில் அமெரிக்க அரசின் ஆய்வு முகமை ஒன்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தலைமையிலான குழுவுக்கு 2.63 கோடி டாலர் வரை நிதி அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் மனித ஸ்டெம் செல்களிலிருந்து ஒரு முழு இதயத்தை அச்சடித்து, உயிருள்ள பன்றிக்குள் பொருத்திக் காட்ட வேண்டும் என்பது இலக்கு. அது நிறைவேறுமா, தள்ளிப்போகுமா என்பதைக் காலம்தான் சொல்லும். பன்றிக்கு வெற்றியானாலும் மனிதருக்கு வர இன்னும் பல படிகள் உண்டு.

ஆனால் முழு இதயம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திசை சரியாக அமைந்த சின்னத் தசைத் துண்டுகளே இன்றைக்குப் பயன்படுகின்றன. ஒரு நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த துண்டில், அவர் மரபணுக் கோளாறு நார்களை எப்படிக் குலைக்கிறது என்று பார்க்கலாம். ஒரு மருந்து அதைச் சரி செய்கிறதா, கெடுக்கிறதா என்று அவர் உடம்பில் ஏற்றாமலேயே சோதிக்கலாம். டியர் 1958-ல் எட்டுப் பேர் இறந்த பிறகு பார்த்ததை, இனி ஒருவர் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வழி பிறந்திருக்கிறது.

அடுத்த முறை "அச்சடித்த இதயம்" என்று செய்தி வந்தால், படத்தில் அது இதயம் போல இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். உள்ளே நார்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று செய்தியில் தேடிப் பாருங்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அது இன்னும் பிழியப் பழகாத துணிதான்.